கல்லறைச் சுவருக்கு வெளியே

ஜனவரி 17, 1528. வனத்து அந்தோணியார் திருநாள்

காலையில் ஊர்ப் பன்றிகளை மந்திரித்தேன். ஆல்ட்மூஸில் மனிதர்களைவிடப் பன்றிகள்தான் ஒழுங்காகக் கோவிலுக்கு வருகின்றன. பிரசங்கத்தின்போது அவை தூங்குவதும் இல்லை.

போன முறை வந்த வட்டாரக் குரு என் மேசையில் கிடந்த பழைய நாட்குறிப்பைப் புரட்டிப் பார்த்துவிட்டு, என் கையெழுத்து அழகாக இருக்கிறது என்றார். அன்றிலிருந்து அவர் படிக்கத்தக்கதை மட்டுமே எழுதுகிறேன். ஆகவே: நான் ஊல்ரிக், இந்த மலையூரின் பங்குக் குரு. பல்வலி உண்டு. வேறு குறை இல்லை.

வீட்டு வேலைக்கு எல்ஸ்பெத் இருக்கிறாள். எட்டு வருடமாக இருக்கிறாள். இப்போது பிள்ளைத்தாய்ச்சி, கனமான வாளி தூக்கக் கூடாது. ஊரார் அவள் வயிற்றைப் பார்த்துவிட்டு என்னிடம், "சுகமா சாமி?" என்று கேட்கிறார்கள். தகப்பன் யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. மரியாதை தெரிந்த ஊர்.

இன்றும் கல்லறைத் தோட்டத்துச் சுவருக்கு வெளியே இருக்கிற ஹேசல் புதருக்குப் போய் ஒரு கட்டுச் சுள்ளி ஒடித்து வந்திருக்கிறாள். கொட்டகையில் ஏற்கெனவே இரண்டு பனிக்காலத்துக்குப் போதுமான சுள்ளி கிடக்கிறது. சொன்னால் கேட்பதில்லை.

பெர்ன் நகரத்தில் பெரிய விவாதம் நடக்கிறதாம். பழைய மறைக்கும் புதிய போதனைக்கும். ஜெயிப்பது எதுவோ அதைத்தான் நாங்களும் நம்ப வேண்டியிருக்கும்.

ஜனவரி 21. கன்னி ஆக்னேஸ் திருநாள்

கணவாய்க்கு அப்பாலிருந்து ஒரு தம்பதி வந்தார்கள். ஆளுக்கொரு பக்கம் கூடையைப் பிடித்துக்கொண்டு பனியில் நடந்து வந்திருக்கிறார்கள். கூடையில் என்ன என்று நான் கேட்கவில்லை. எங்கள் ஊருக்குக் கூடையோடு வருகிறவர்கள் எல்லாரும் ஒரே காரியத்துக்குத்தான் வருகிறார்கள்.

மேட்டில் மாதா சிற்றாலயம் இருக்கிறது. இறந்து பிறந்த குழந்தையை அங்கே கொண்டுபோனால் மாதா ஒரு மூச்சு நேரத்துக்கு உயிர் தருவாள் என்று நம்பிக்கை. அந்த ஒரு மூச்சுக்குள் ஞானஸ்நானம் கொடுத்துவிட்டால் குழந்தைக்குப் பெயர் உண்டு, கல்லறைத் தோட்டத்தில் இடம் உண்டு. இல்லாவிட்டால் சுவருக்கு வெளியே. மோட்சமும் இல்லாமல் நரகமும் இல்லாமல், பெயரில்லாமல் ஓரிடத்தில் நிற்க வேண்டியதுதான்.

அதைப் பார்த்துக்கொள்கிறவள் வெரேனா என்ற விதவை. குழந்தையைப் பீடத்தின் மேல் கிடத்துவாள். இரண்டு பக்கமும் கனல் நிறைந்த சட்டி வைப்பாள். பிறகு கூடியிருக்கிறவர்களைப் பார்த்து, "யார் பிள்ளை?" என்று கேட்பாள். தகப்பன் எல்லார் காதிலும் விழும்படி, "என் பிள்ளை" என்று சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் அடுத்த காரியம் நடக்காது. சொன்ன பிறகு குழந்தையின் உதட்டில் ஒரு வாத்து இறகை வைப்பாள். இறகு அசைந்தால் மூச்சு வந்துவிட்டது என்று அர்த்தம். அசையாமல் இருந்ததாக எனக்கு நினைவில்லை.

இன்றும் அசைந்ததாம். தம்பதி அழுதுகொண்டே சிரித்துக்கொண்டு இறங்கி வந்தார்கள். என் வீட்டில் சூப் குடித்தார்கள். எல்ஸ்பெத் அந்தப் பெண்ணின் கையை விடவே இல்லை.

எனக்கு எரிச்சல்தான் வந்தது. ஆயரே இதைக் கண்டித்து எழுதியிருக்கிறார்.

ஜனவரி 25. பவுல் மனந்திரும்பிய திருநாள்

ஒரு சோதனை செய்தேன். அடுப்படி மேசையில் ஒரு விறகுக் கட்டையை வைத்து இரு பக்கமும் கனல் சட்டி வைக்கச் சொன்னேன். சட்டிகளை எல்ஸ்பெத்தான் பிடித்துக்கொண்டாள். கட்டையின் மேல் இறகை வைத்தேன். கொஞ்ச நேரத்தில் இறகு எழுந்தது, துடித்தது, பறந்து மாவுப் பானையில் விழுந்தது.

சூடு மேலே போகிறது, இறகும் கூடப் போகிறது. அவ்வளவுதான் மாதாவின் அற்புதம். நான் கைகொட்டிச் சிரித்தேன். எல்ஸ்பெத் சட்டியைக் கீழே வைத்துவிட்டு, மாவுப் பானையிலிருந்து இறகை எடுத்து ஊதித் துடைத்தாள்.

பிப்ரவரி 2, ஞாயிறு. மெழுகுவர்த்தித் திருநாள்

செய்தேவிட்டேன். மெழுகுவர்த்திகளை மந்திரித்து முடித்ததும் பிரசங்க மேடைக்குக் கீழே மேசை போடச் சொல்லி, கட்டையையும் கனலையும் இறகையும் கொண்டுவந்து வைத்தேன். கட்டை மூச்சு விட்டது. ஜனங்களுக்கு முதலில் புரியவில்லை. பிறகு பின்வரிசை இளவட்டங்கள் சிரித்தார்கள், பிறகு எல்லாரும். கட்டைக்கு என்ன பெயர் வைக்கலாம் என்று ஒருவன் கேட்டான். நானும் விட்டுக்கொடுக்காமல் ஒரு பெயர் சொன்னேன். இத்தனை வருடத்தில் என் பிரசங்கத்துக்கு இப்படிக் கூட்டம் விழித்திருந்ததே இல்லை.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். வெரேனா எழுந்து வெளியே போய்விட்டாள். ஊர் மணியக்காரர் பெண்டிக்ட் தொப்பியைக் கசக்கிக்கொண்டு நின்றார். அவர் வீட்டுக் குழந்தைகள் இரண்டு, சுவருக்கு உள்ளே, வெரேனாவின் இறகால் இடம் பிடித்தவை. மூன்றாவது ஆளை எழுத வேண்டியதில்லை.

பிப்ரவரி 3. பிளாசியார் திருநாள்

ஊராரின் தொண்டைகளை மந்திரித்தேன். என் வீட்டில் பேச்சு நின்றுவிட்டது. ரொட்டி மட்டும் நேரத்துக்கு வருகிறது.

பிப்ரவரி 12

விவாதத்தில் புதிய போதனை ஜெயித்து, நகரத்திலிருந்து ஆணை வந்துவிட்டது. பீடங்கள் அகற்றப்பட வேண்டும். சுரூபங்கள் எரிக்கப்பட வேண்டும். பூசை இல்லை. குருமார் மணம் செய்துகொள்ளலாம்.

கடைசி வரியை இரண்டு மூன்று முறை வாசித்தேன். விளக்கு மங்கல்.

எல்ஸ்பெத் மாவு பிசைந்துகொண்டிருந்தாள். பொதுவான செய்தியாகத்தான் சொன்னேன், குருமார் மணம் செய்துகொள்ளலாம் என்று போட்டிருக்கிறது என்று. யாரை என்று கேட்டாள். யாரையும் என்றேன். சரி என்று சொல்லிவிட்டு மாவைத் திருப்பிப் போட்டுப் பிசைந்தாள். ஆனால் பத்து நாளைக்குப் பிறகு அவள் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவை. பல்வலி கூடக் கொஞ்சம் குறைந்தது போல இருக்கிறது.

பிப்ரவரி 16, ஞாயிறு

பெண்டிக்ட் வந்தார். அடுத்த ஞாயிறு நகரத்துப் பிரதிநிதி வருகிறார், ஆணை போட்டாலும் ஊர் ஊராகச் சம்மதம் கேட்கிறார்களாம், ஊர் ஆண்கள் கோவிலில் கூடிப் பழைய மறையா புதியதா என்று நின்று காட்ட வேண்டும். ஊர் இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. பாதிப் பேர் சாமி எந்தப் பக்கமோ அந்தப் பக்கம் என்கிறார்களாம். மலைமேல் மாதாவைக் காப்பாற்றித் தர வேண்டும் என்று கேட்டார். முரட்டு மனிதர், கெஞ்சிப் பழக்கமில்லை, உத்தரவு போடுவது போலவே கெஞ்சினார்.

மனச்சாட்சிப்படி செய்வேன் என்றேன். அவர் அடுப்படிப் பக்கம் ஒரு முறை பார்த்தார். எல்ஸ்பெத் குட்டிச் சட்டை ஒன்றைத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"உங்க மனச்சாட்சிக்கு இப்ப எத்தனாவது மாசம் சாமி?" என்றார்.

அவரை வெளியே போகச் சொன்னேன்.

பிப்ரவரி 23, ஞாயிறு

பிரதிநிதி வந்தார். இளைஞர். கறுப்பு அங்கி, சுத்தமான நகம். நான் கட்டையை மூச்சு விட வைத்த கதை நகரம் வரை போயிருக்கிறது. எல்லார் முன்னிலும் என்னைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

பழைய மறைக்கு வலப்பக்கம், புதியதற்கு இடப்பக்கம். ஆண்கள் நகர்ந்து நின்றார்கள். எண்ணினார்கள், மறுபடி எண்ணினார்கள். சமமாக இருந்தது. பிரதிநிதி என்னைப் பார்த்தார். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். பெண்கள் பின்னால் கதவோரம் நின்றார்கள். அவள் அங்கே இருந்தாளா என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை.

இடப்பக்கம் போய் நின்றேன்.

வேதத்தைப் படித்து, யோசித்து, தெளிந்துதான் நின்றேன். வேறு காரணம் இல்லை. சிற்றாலயத்தின் சாவியை நானே என் கையால் பிரதிநிதியிடம் கொடுத்தேன்.

இனி நாள்களுக்குப் புனிதர் பெயர் வேண்டாம் என்றார் அவர்.

பிப்ரவரி 24

மாதா சுரூபத்தை எரித்தார்கள். ஈர மரம், நெடுநேரம் புகைந்தது. ஓடுகளை இறக்கத் தொடங்கிவிட்டார்கள். மேற்பார்வைக்குப் பெண்டிக்டையே போட்டிருக்கிறார்கள், மணியக்காரர் என்பதால். அந்த இளைஞருக்குச் சிரித்துக்கொண்டே தண்டிக்கத் தெரிகிறது.

எல்ஸ்பெத் மதியம் என் கையை எடுத்துத் தன் வயிற்றின் மேல் வைத்தாள். நேற்றிலிருந்து அசைவு இல்லை என்றாள். தூங்குகிறதாக இருக்கும் என்றேன்.

பிப்ரவரி 25

மருத்துவச்சி விடியும்போது வந்தாள். மலையிலிருந்து வெதுவெதுப்பான காற்று இறங்கிக் கூரைப் பனி எல்லாம் சொட்டிக்கொண்டிருந்தது. குழந்தை வெளியே வந்தபோது காற்று நின்றுவிட்டது. ஆண் குழந்தை. நிறைய தலைமுடி. அழவில்லை.

மருத்துவச்சி துணியைச் சுற்றி என்னிடம் கொடுத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனாள். எனக்கு என்ன செய்வது என்று தெரியவில்லை. புதிய போதனை எனக்கு நன்றாகத் தெரியும். எல்ஸ்பெத்திடம் அதைத்தான் சொன்னேன்: தண்ணீரில் ஒன்றும் இல்லை, கடவுள் தம் பிள்ளைகளைத் தாயின் வயிற்றிலேயே அறிவார், இவன் அவரிடம்தான் இருக்கிறான், சுவர் எல்லாம் மனிதர் கட்டியது. உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு கடைசி வரை கேட்டாள்.

"முதப் பிள்ளைய ஹேசல் புதர்கிட்டப் புதைச்சீங்களே, அப்ப இதைச் சொல்லியிருக்கலாமே. அப்பச் சுவர் கடவுள் கட்டினதுன்னு சொன்னீங்க."

அப்போது மேட்டுக்குப் போகும் பாதையைப் பனி மூடியிருந்தது, அதனால்தான் கொண்டுபோக முடியவில்லை என்று அவளுக்கு நினைவூட்டினேன்.

"அன்னைக்குப் பனியே இல்ல" என்றாள். "இவனையாவது மேல கொண்டுபோங்க."

பீடம் இருக்காது, மாதா இல்லை, கூரை இல்லை என்றேன். இறகு எப்படி அசைகிறது என்று அவளுக்கே தெரியும் என்றேன். கனல் சட்டியைப் பிடித்தவளே அவள்தானே. அவள் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். முட்டைக் கூடையில் குட்டிச் சட்டை மடித்து வைத்திருந்தது. அதைப் பார்த்த பிறகு மேலே வாதிக்க முடியவில்லை.

கூடையோடு ஊர் நடுவே நடந்தேன். எத்தனையோ பேர் அப்படி நடந்து வருவதைச் சன்னலிலிருந்து பார்த்திருக்கிறேன். கனமே இல்லை, ஆனாலும் கை இற்றுப்போகிறது. ஒருவர் பின் ஒருவராக ஜனங்கள் என் பின்னால் ஏறி வந்தார்கள். இடப்பக்கம் நின்றவர்களும் வந்தார்கள்.

கூரை பாதி போயிருந்தது. வேலையாட்கள் சம்மட்டியை நிறுத்தினார்கள். பீடத்துக் கல் மட்டும் இன்னும் பெயர்க்கப்படவில்லை. வெரேனா வாசலில் தன் சட்டிகளோடு உட்கார்ந்திருந்தாள். கனலைக் காலையிலேயே நகரத்து ஆட்கள் உதைத்துக் கொட்டிவிட்டார்கள். என்னைப் பார்த்ததும் அவள் எழுந்து, சிதறிக் கிடந்த நெருப்பைத் துணியால் பொறுக்கிச் சேர்த்தாள். ஒரு சட்டியின் அடியைக்கூட அது மூடவில்லை. அவள் என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை.

பிரதிநிதி முதலில் என்னைப் பார்த்துச் சிரித்தார், கூடையைப் பார்த்ததும் சிரிப்பு போயிற்று. இந்த மாய வேலை இப்போது குற்றம் என்றார். கட்டையை வைத்து உலகத்துக்கே காட்டியவர் நீங்கள்தானே என்றார். இதைச் செய்தால் பிரசங்க மேடை உங்களுக்கு இல்லை, வீடும் இல்லை என்றார். சொன்னதில் கோபம் இல்லை, நிஜமாகவே வருத்தப்பட்டார். பெண்டிக்ட் ஏணியிலிருந்து இறங்கி வந்து அவருக்கும் பீடத்துக்கும் நடுவில் நின்றுகொண்டு, வேலையாட்களுக்குச் சாப்பாட்டு நேரம் என்று அறிவித்தார்.

குழந்தையைக் கல்லின் மேல் கிடத்தினோம். வெரேனா நிமிர்ந்தாள். கூட்டத்தைப் பார்த்துத்தான் கேட்டாள், என்னைப் பார்க்கவில்லை. என்னைக் காப்பாற்றத்தான் அப்படிச் செய்தாள் என்று இப்போது தோன்றுகிறது.

"யார் பிள்ளை?"

ஓட்டிலிருந்து உருகிய பனி சொட்டிக்கொண்டிருந்தது. ஊர் முழுக்க நின்றது. ஒருவரும் என்னைப் பார்க்கவில்லை. எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எட்டு வருடமாக அப்படித்தான் மரியாதையாகத் தரையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அவர்களில் யாராவது ஒருவர் எனக்காகப் பொய் சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் காத்திருந்தேன். அதையும் எழுதி வைக்கிறேன்.

"என் பிள்ளை" என்றேன். குரல் எழும்பவில்லை. அதனால் இன்னொரு முறை சொன்னேன்.

வெரேனா இறகை வைத்தாள். காற்றே இல்லை. கனலில் சூடே இல்லை. இறகு அவன் உதட்டின் மேல் கிடந்தது. நான் குனிந்து பார்த்துக்கொண்டே இருந்தேன். பிரசங்க மேடைக்குக் கீழே விறகுக் கட்டைக்குக் கூட எழுந்த இறகு. கட்டைக்கு நான் வைத்த பெயர் நினைவுக்கு வந்தது. என் நாக்கை அறுத்து எறிந்திருக்கலாம்.

"சாமி, நீங்க சொல்லுங்க" என்றாள் வெரேனா மெதுவாக. "அசைஞ்சா எப்படி இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியுமே."

"அசைந்தது" என்றேன்.

தான் பார்க்கவில்லை என்றார் பிரதிநிதி.

"நீங்க அவன் தகப்பன் இல்லை" என்றேன்.

பெண்டிக்ட் தொப்பியைக் கழற்றினார். ஓட்டிலிருந்து சொட்டிய நீரையே கையில் ஏந்தி அவன் தலையில் ஊற்றினேன், அந்த அடர்ந்த முடியின் மேல். இன்று மத்தியாஸ் திருநாள். நாள்களுக்குப் புனிதர் பெயர் போடக் கூடாது என்றுதான் சொன்னார்கள், குழந்தைக்குப் போடக் கூடாது என்று யாரும் சொல்லவில்லை. மத்தியாஸ் என்று பெயரிட்டேன்.

வட்டாரக் குரு படித்தால் படிக்கட்டும்.

பிப்ரவரி 26

சாம்பல் புதன், சாம்பல் கிடையாது. ஈஸ்டருக்குள் வீட்டைக் காலி செய்ய வேண்டும். புதிய போதகர் வருகிறார்.

எல்ஸ்பெத் எழுந்து உட்கார்ந்தாள், கஞ்சி குடித்தாள். இறகு அசைந்தது என்று சொன்னேன். என் முகத்தைப் பார்த்தபடி கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"இறகை விடுங்க. அன்னைக்கு அடுப்படியில கனல் என் கையிலதான் இருந்தது, எனக்குத் தெரியாதா. வெரேனா கேட்டப்ப என்ன சொன்னீங்க?"

என் பிள்ளை என்று சொன்னேன் என்றேன்.

"எத்தனை பேர் கேட்டாங்க?"

"எல்லாரும். இரண்டு தடவை சொன்னேன்."

முகத்தைப் போர்வையில் புதைத்துக்கொண்டு அழுதாள், நேற்று அழாத அழுகை எல்லாம் சேர்த்து. நான் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்திருந்தேன். எட்டு வருடத்தில் கதவைத் தாழிடாமல் அந்தக் கட்டிலில் நான் உட்கார்ந்தது அதுதான் முதல் முறை.

பிப்ரவரி 28

மத்தியாஸை எங்கே புதைப்பது என்று பெண்டிக்ட் கேட்டு வந்தார். சுவருக்கு உள்ளே, நல்ல இடமாகப் பார்த்து வைத்திருக்கிறாராம். எல்ஸ்பெத் வேண்டாம் என்றாள். அக்கா வெளியே இருக்கும்போது தம்பி மட்டும் உள்ளே எதற்கு என்றாள். ஹேசல் புதரடியில் புதைத்தோம். மண் இளகியிருந்தது.

வரும் வழியில், நாம் மணம் செய்துகொள்ளலாமா என்று எல்ஸ்பெத்திடம் கேட்டேன். இப்போது தடையில்லையே என்றேன். அவள் திரும்பிக் கல்லறைத் தோட்டத்தைப் பார்த்தாள்.

"முதல்ல அந்தச் சுவரைப் பாருங்க" என்றாள்.

மார்ச் 3

மாதா சிற்றாலயத்துக் கற்களை யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம் என்று பிரதிநிதி சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். தொழுவத்துக்கு ஆகும் என்று சிலர் நினைத்திருந்தார்கள். பெண்டிக்ட் அவர்கள் வீடுகளுக்கு ஒரு சுற்றுப் போய் வந்தார். இப்போது யாருக்கும் கல் வேண்டாமாம்.

மார்ச் 27

கை முழுக்கக் கொப்புளம். எனக்கு மேசன் வேலை வரவில்லை, நான் வைத்த வரிசையைப் பெண்டிக்ட் இரண்டு முறை பிரித்துக் கட்டினார். பிரசங்கம் செய்கிறவன் கட்டிய சுவர் வேறு எப்படி இருக்கும் என்றார். சமாதானம் ஆகிவிட்டார் என்று எடுத்துக்கொண்டேன்.

கிழக்குப் பக்கத்துப் பழைய சுவரை இடித்துவிட்டு, சிற்றாலயத்துக் கற்களால் புதிய சுவரை வெளியே தள்ளிக் கட்டியிருக்கிறோம். ஹேசல் புதரும் அதைத் தாண்டி ஒரு கஜமும் உள்ளே வந்துவிட்டன. அந்தப் பக்கம் தோண்டும்போது எங்கள் பெண் மட்டும் அங்கே இல்லை என்று தெரிந்தது. கூடையளவு மேடுகள் வரிசையாக இருந்தன, யாருடையவை என்று யாருக்கும் தெரியவில்லை. எனக்கு முன்னால் இருந்த சாமிமார்கள் காலத்திலிருந்தே இருக்கலாம். வெரேனா ஒவ்வொன்றின் பக்கத்திலும் நின்று எதையோ முணுமுணுத்தாள். புதிய போதகர் வருவதற்குள் சொல்லி முடிக்கட்டும் என்று விட்டுவிட்டோம்.

எங்கள் மகளுக்கு எல்ஸ்பெத் முதலிலேயே பெயர் வைத்திருக்கிறாள். இரண்டு வருடமாக அந்தப் பெயரை என்னிடம் சொல்லவில்லை. இன்று சொன்னாள். அது அவளுடையது, அதனால் இங்கே எழுதவில்லை.

மாலையில் கடைசிக் கல்லை எல்ஸ்பெத்தான் வைத்தாள். இனி இந்தப் புதரில் யாரும் சுள்ளி ஒடிக்கக் கூடாது என்று எல்லாருக்கும் பொதுவாகச் சொன்னாள். பிறகு கையில் ஒட்டிய சுண்ணாம்பைப் பாவாடையில் துடைத்துக்கொண்டு என் பக்கம் வந்தாள்.

"அன்னைக்கு வழியில என்னமோ கேட்டீங்களே. இப்பக் கேளுங்க."

பெண்டிக்ட் இருந்தார், வெரேனா இருந்தாள், பாதி ஊர் இருந்தது. எல்லார் காதிலும் விழும்படி கேட்டேன்.